பாட்டு எங்கள் பாகம், படம் அவர்கள் பாகம்

கண்ணுகளா, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். நீங்கள் வளர்ந்த பிறகு ஏதாவது விசேஷ வீட்டில் யாராவது உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "உங்கப்பன் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு மீறுனவனாச்சே" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். சொல்கிறவர்கள் வாயைப் பொத்த என்னால் ஆகாது. ஆனால் நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் தலையைக் குனிய மாட்டீர்கள். நான் குனியவில்லை.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். அதற்குமேல் படித்ததெல்லாம் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை வாசலில் மரவள்ளிக் கிழங்கு லோடோடு வரிசையில் நிற்கும்போது டெம்போவுக்குள் உட்கார்ந்து படித்ததுதான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் சரியாக இருக்கும்.

நம் வீட்டுப் பாட்டுப் பெட்டியை உங்களுக்குத் தெரியும். சூட்கேஸ் மாதிரி மூடி எடுத்துப் போகலாம். திறந்தால் உள்ளே தட்டுச் சுற்றும். என் அப்பா ஒருமுறை வெல்லம் ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனவர், வீட்டில் வாங்கிவரச் சொன்ன பம்புசெட்டு வாஷரை மறந்துவிட்டு இதை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். எனக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் என்று. பெட்டியோடு குழந்தைப் பாட்டுத் தட்டுகள் மூன்று. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படப் புத்தகம். விரித்தால் முறம் அகலம் இருக்கும். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு பாட்டு.

புத்தகமும் தட்டும் சேர்ந்துதான் ஓடும். முள்ளை எடுத்துத் தட்டின்மேல் வைத்தால் முதலில் ஒரு அக்கா பேசுவார்: "குழந்தைகளே, மணி அடித்ததும் பக்கத்தைத் திருப்புங்கள்." பிறகு பாட்டு. பாட்டு முடிந்ததும் டிங் என்று ஒரு மணி. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பாட்டுக்குரிய படம் அங்கே தயாராக இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூடப் புத்தகத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் தானே படித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அந்தச் சூட்சுமத்துக்காகத்தான் இதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன். தட்டு இல்லாமல் புத்தகம் ஊமை. புத்தகம் இல்லாமல் தட்டு குருடு.

அதைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள்.

என் அப்பா போன மறு வருஷம் நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டோம். சண்டையில்லை. வயதாகிறது, பிள்ளைகள் வருகிறார்கள், பிரித்துக்கொள்வது நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நடுவில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தவர் என் தாய்மாமா. நாமகிரிப்பேட்டைப் பக்கம் எந்த வீட்டில் பாகம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு.

"அடைப்புல இருக்கறது அடைப்போட போவோணும்" என்றார். "பீரோன்னா பீரோவுக்குள்ள இருக்கறதோட. பெட்டின்னா பெட்டிக்குள்ள இருக்கறதோட. தொறந்து தொறந்து பாத்து இது என்றது அது உன்றதுன்னு ஆரம்பிச்சா அடுத்த பங்குனி வரைக்கும் இங்கியே உக்காந்திருக்கோணும்."

யாரோ ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குள் கிடந்த ஒரு ஜோடித் தோட்டுக்காக இரண்டு தலைமுறை பேச்சில்லாமல் போய்விட்டதாம். அதிலிருந்து அவர் எந்த அடைப்பையும் திறக்க விட்டதில்லை.

சாமான்களை வாசலில் இரண்டு பங்காக வைத்தார்கள். சீட்டு எழுதிக் குலுக்கி, உங்கள் பெரியப்பா மகள் பாப்பாவை எடுக்கச் சொன்னார்கள். அவள் அப்போது தத்தித் தத்தி நடக்கிற குழந்தை. பெரியப்பாவுக்கு மர பீரோ விழுந்தது. பாட்டுப் பெட்டி எனக்கு விழுந்தது. தட்டுகள் பெட்டியின் மூடிக்குள் செருகியிருந்தன. புத்தகங்கள் பீரோவுக்குள் நின்றுகொண்டிருந்தன.

நான் சொன்னேன்: "மாமா, அந்தப் படப் புஸ்தகம் மூணும் இந்தத் தட்டோட சேந்ததுங்."

"எப்படீடா சேந்தது? அது காயிதம். இது ரப்பரு."

"ரப்பரில்லீங் மாமா..."

"என்னமோ ஒண்ணு. உருளைக்கு உருளை, சதுரத்துக்குச் சதுரம். கம்முனு உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் பெரியப்பாவும் சிரித்தார். நானும் சிரித்துத்தான் தொலைத்தேன். அப்புறம் வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, இரண்டு பேரும் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தோம். இந்தப் பாகத்துப் பொருள் அந்தப் பக்கம் போகாது, அந்தப் பாகத்துப் பொருள் இந்தப் பக்கம் வராது, ஒருத்தர் பாகத்தில் ஒருத்தர் கை வைப்பதில்லை. இதுதான் சத்தியம். வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். இதில் எதை மீறினேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. புத்தகம் அந்த வீட்டில் இருந்தால் என்ன, தட்டு இந்த வீட்டில் இருந்தால் என்ன, வாசல் ஒன்றுதானே. பெட்டியை வாசலில் வைத்துத் தட்டைப் போடுவேன். பாப்பா புத்தகத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவாள். நீங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்ப்பீர்கள். யார் பொருளும் யார் கைக்கும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கிணற்றுத் தகராறு வந்தது. பொதுக் கிணறு. ஒருநாள் அவர் முறை, ஒருநாள் என் முறை. மஞ்சள் பயிர் தண்ணீரில்லாமல் காய்கிற நேரத்தில் அவர் முறையில் மோட்டாரை நான் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னார். அவர்தான் என் முறையில் போட்டார் என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். வார்த்தை தடித்தது. வாசலுக்கு நடுவில் சுவர் வந்தது. பேச்சு நின்றது. பெரியவர்கள் பேச்சு நின்றால் பிள்ளைகள் பேச்சும் நிற்க வேண்டுமாம். அதுவும் ஒரு சட்டம். பாப்பாவை உங்களோடு பேசக்கூடாது என்று அவர் சொன்னார். உங்களிடம் அதே மாதிரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் போய்ப் பேசுங்கள் என்றும் சொல்லவில்லை.

அப்போது தம்பி ஒன்றாவது, அக்காள் மூன்றாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தம்பி எழுந்து போய்விட்டான்.

"ஏன் சாமி, புடிக்கலையா?"

"படம் எங்கப்பா?"

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "போன்ல போட்டுக் குடுங்க. ஆயிரம் பாட்டு படத்தோட வருது. இந்தக் கீச்சுக் கீச்சுக்கு எதுக்கு இத்தன பாடு?"

போனில் வருவதை நானும் பார்த்திருக்கிறேன். அதில் படம் தானே மாறிக்கொள்ளும். குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். தூங்கிவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். இது அப்படியல்ல. மணியை அடித்துவிட்டு உன் கைக்காகக் காத்திருக்கும். நீ திருப்பினால்தான் யானை வரும். என் பிள்ளைகளின் கையை நம்பி ஒரு பொருள் இருக்கிறதென்றால் அதை நான் விடமாட்டேன் என்று சொன்னேன். உங்கள் அம்மா, "சரி, புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கொய்யா மரத்து மேலிருந்து தம்பி கத்தினான்.

"அப்பா! பாப்பா புஸ்தகத்த விரிச்சு வெச்சு உக்காந்திருக்கா!"

அக்காளும் ஓடிப்போய் ஏறினாள். சுவரை ஒட்டின மரம். கிளையில் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து வாசல் தெரியும். பாப்பா சாக்கை விரித்து, அதன் மேல் புத்தகத்தை விரித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளாம். பாட்டுச் சன்னமாகத்தான் கேட்கும் அவளுக்கு. மணி அடித்ததா இல்லையா என்று தெரியாமல் காதைச் சுவரில் வைத்து வைத்து எடுத்தாளாம்.

அந்தக் குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. புத்தகம் அவளிடம் இருக்கிறது, அதைப் படித்துக் காட்டுகிற குரல் என்னிடம் இருக்கிறது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கிணறு எப்படியோ போகட்டும். பாட்டும் படமும் சேர வேண்டும். மூன்று பிள்ளைகளும் ஒரே பாட்டுக்கு ஒரே படத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் சண்டை எங்களோடு.

டெம்போவில் இருந்த பாக்ஸ் ஸ்பீக்கரைக் கழற்றினேன். ராசிபுரத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் பெட்டியைக் கொண்டுபோய் வயர் இழுத்துக்கொண்டு வந்தேன். முள்ளையும் புதிதாக மாற்றினேன். அடுத்த ஞாயிறு ஸ்பீக்கரை முக்காலி மேல் வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

"அப்பா, நமக்குச் சரியாவே கேக்காது" என்றாள் அக்காள்.

"மரத்து மேல ஏறிக்குங்க. அங்க நல்லாக் கேக்கும்."

குடை பிடித்த தவளையார் சந்தைக்குப் போனார், கூடை நிறைய மழை வாங்கித் தோளில் போட்டார் என்று பாட்டுக் கிளம்பியது. சுவர் அதிர்ந்தது. மணி அடித்தது. மரத்து மேலிருந்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்தது எனக்குக் கேட்டது.

"தெரியுதா?"

"தெரியுதுப்பா! ஆனா எல்லாம் தலகீழாத் தெரியுது. யானை மல்லாக்கப் படுத்திருக்குது."

தலைகீழாகவே இருக்கட்டும். தெரிந்ததே!

இப்படி நாலைந்து ஞாயிறு போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு எதிர்ப்பும் இல்லை. பெரியப்பா ஞாயிறு காலையில் தோட்டத்தில் இருப்பார். அவருக்குத் தெரியாமல் பெரியம்மா கண்டும் காணாமல் இருந்திருக்க வேண்டும்.

மாட்டிவிட்டது ஒரு கீறல். முதல் தட்டில் தவளைக்கும் யானைக்கும் நடுவில் ஒரு கீறல் உண்டு. தவளை பாட்டின் கடைசி வரியிலேயே முள் துள்ளி, மணியைத் தாண்டி, யானைக்குள் போய் விழும். போன வாரங்களில் மற்ற இரண்டு தட்டுகளைத்தான் நான் அதிகம் போட்டிருந்தேன். முதல் தட்டைப் போட்ட ஒரே தடவையும் முள்ளைக் கையால் தூக்கி மணிக்கு நேராக வைத்துச் சமாளித்துவிட்டேன். அன்றைக்கு அந்தத் தட்டைப் போட்டுவிட்டு, தெருவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டேன். தட்டுத் தன் பாட்டில் ஓடியது. மணி அடிக்காததால் பாப்பா பக்கத்தைத் திருப்பவில்லை. யானைக்கு நாற்காலி செய்ய அளவெடுத்த ஆசாரி ஆற்றோரம் ஓடினார் என்று பாட்டு வருகிறது, அவள் கண்முன்னே தவளை குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"யானை எங்க? யானையக் காணமே!" என்று அந்தப் பக்கத்திலிருந்து அழுகைக் குரல் கேட்டது.

அடுத்த மணிக்கு அவள் திருப்பினாள். பூனை கார்டாகி நின்று கொடி காட்டுகிற ரயில் பாட்டு ஓடும்போது அவளுக்கு யானை வந்தது. மொத்தமும் ஒரு பக்கம் தள்ளிப் போய்விட்டது. மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னொண்ணு திருப்பு பாப்பா! ரெண்டாத் திருப்பு! ஐயோ, அக்கட்ட இல்ல, இக்கட்ட!"

பாப்பா அண்ணாந்து பார்த்து, "இதாண்ணா?" என்று கேட்டாள்.

ஒன்றரை வருஷத்தில் அந்தச் சுவரைத் தாண்டின முதல் பேச்சு அதுதான். பெரியப்பா அன்றைக்குப் பார்த்து வீட்டிலிருந்தார்.

எங்கள் பக்கத்தில் பேச்சில்லாதவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நேராகப் பேச மாட்டார்கள். மாட்டிடம், நாயிடம், வானத்திடம் பேசுவார்கள். கேட்க வேண்டியவர் காதில் விழும். பெரியப்பா எருமையிடம் வந்து நின்று ஆரம்பித்தார்.

"ஏய் எருமை! இங்க பாட்டுக் கச்சேரி வெக்கச் சொல்லி ஆரு கேட்டா? நீ கேட்டியா? ஊட்டுல ஆளிருக்கறது தெரியாம மரத்து மேல குரங்காட்டம் ஏறி உக்காந்துட்டு எட்டிப் பாக்கறது. வெக்கமில்ல?"

நான் டெம்போவின் பானெட்டைத் தட்டிக்கொண்டு பதில் சொன்னேன்.

"ஏம்ப்பா வண்டி, மரம் என்ற பாகத்து மரம். அதுல குரங்கு ஏறுனாலும் என்ற குரங்கு. பாட்டு என்ற தட்டுல வருது. அடுத்தவன் காதுக்குள்ள போறதுக்கு நான் என்ன பண்ணட்டும்? காத்துக்கும் சேத்துச் செவுரு கட்டியிருக்கோணும்."

"பேச்சப் பாரு எருமை, பேச்சப் பாரு!"

தம்பி மரத்திலிருந்து இறங்கி வந்து என் காதில் கேட்டான்: "ஏம்ப்பா, பெரியப்பா எதுக்கு நம்ம பாட்டப் பத்தி எருமைகிட்டச் சொல்றாரு?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். சிரித்திருந்தால் அன்றைக்கு அடிதடியாகியிருக்கும்.

நடுவாரத்தில் மாமா வந்து சேர்ந்தார். முதலில் அந்த வீடு, அப்புறம் நம் வீடு. நாற்காலியில் உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கற்பூரம் அடிச்சது நெனப்பு இருக்குதா?"

"இருக்குதுங் மாமா."

"அப்பறம் ஏன்டா உன்ற பாகத்த அங்க அனுப்பறே?"

"என்னத்தீங் அனுப்புனேன்? தட்டு இங்கதான் இருக்குது. பெட்டி இங்கதான் இருக்குது. வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க."

"பாட்டு போவுதுல்லடா!"

"அடைப்புல இருக்கறது அடைப்போடன்னு சொன்னது நீங்கதானுங். பாட்டு எந்த அடைப்புலீங் மாமா இருந்துச்சு? நீங்க பிரிக்கறப்ப அத எந்தப் பக்கத்துல வெச்சீங்க?"

மாமா உங்கள் அம்மாவைப் பார்த்தார். "ஏம்மிணி, இவன் பத்தாவதுதான படிச்சான்? வக்கீலுக்குப் படிச்சவனாட்டமல்ல பேசறான்."

"எனக்கென்னுங் தெரியும். கட்டிக் குடுக்கறப்பப் பத்தாவதுன்னுதான் சொன்னாங்க" என்றாள் உங்கள் அம்மா.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு இல்லை.

"இங்க பாரு சின்னவனே. நான் தூதுக்கு வரல, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். வர ஞாயித்துக்கெழமையும் நீ பாட்டுப் போட்டீன்னா, அந்தப் புஸ்தகம் மூணையும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுருவேன்னு உன்ற அண்ணன் சொல்லிப்போட்டான். அவன் பாகம். அவன் போடுவான். ஒருத்தரும் கேக்க முடியாது. நிறுத்திப்போடு. புஸ்தகமாவது இருக்கட்டும்."

அவர் போன பிறகு உங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னாள். நிறுத்திவிடுங்கள், அந்தக் குழந்தைக்குப் புத்தகமாவது மிஞ்சும், உங்கள் ரோஷத்துக்கு அது கிழிபட வேண்டாம் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அந்த வாரம் முழுக்கச் சேகோ ஆலை வரிசையில் நின்றபோதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் தட்டை வைத்து நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் போகப்போவது என் தட்டல்ல, பாப்பாவின் புத்தகம்.

கடைசியில் எனக்குத் தோன்றியது இதுதான். நான் நிறுத்தினால் புத்தகம் பீரோவுக்குள் போகும். பாட்டு இல்லாமல் அவள் அதை எத்தனை நாள் விரித்துப் பார்ப்பாள்? பீரோவுக்குள் ஊமையாக நிற்கிற புத்தகமும் பேப்பர்க்காரர் சாக்கில் கிடக்கிற புத்தகமும் எனக்கு ஒன்றுதான். அதோடு, பயமுறுத்தினால் நான் நிறுத்திவிடுவேன் என்று மூன்று பிள்ளைகளும் கற்றுக்கொள்ளும். அதை மட்டும் நான் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டேன். போடுகிறவர் போடட்டும். அண்ணன் கையால் அது போகவேண்டுமென்றால், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் காதில் அது விழுந்துகொண்டிருக்கும்போதுதான் போக வேண்டும்.

ஞாயிறு காலை ஸ்பீக்கரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். வேண்டுமென்றே முதல் தட்டையே எடுத்தேன். உங்கள் அம்மா கதவோரம் வந்து நின்றாள்.

தட்டில் அந்த அக்கா குரல் பேசியது. எலி பணியாரம் சுட்ட பாட்டு முடிந்து மணி அடித்தது. அப்போது பார்த்துத் தெருமுனையில் பேப்பர்க்காரரின் மொபெட்டுச் சத்தம் கேட்டது. அவர் மைக்கில், "பழைய பேப்பர், பழைய இரும்பு, பிளாஸ்டிக் சாமான்" என்று பதிவு செய்த குரல் திரும்பத் திரும்ப வரும். அந்தக் குரலும் என் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று கத்திக்கொண்டன. பெரியப்பா வீட்டு முன்னால் மொபெட்டு நின்றது. அவர் மைக்கை அணைத்தார்.

"என்ன பண்றாங்க?" என்று மரத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"பெரியப்பா பீரோவத் தொறக்கறாருப்பா" என்றாள் அக்காள். "பேப்பர் கட்டு எடுக்கறாரு... சாக்குல போடறாரு... இன்னும் எடுக்கறாரு..."

"பாப்பா?"

"புஸ்தகத்து மேல படுத்துக்கிட்டா."

தவளை பாட்டு ஆரம்பித்துவிட்டது. முள்ளைத் தூக்கிவிடலாம், இத்தோடு நிறுத்திவிடலாம் என்று என் கை ஒருமுறை போனது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போனது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பெரியப்பா பாப்பாகிட்ட வாராரு" என்றான் தம்பி. "புஸ்தகத்தப் புடிச்சிட்டாரு."

கூடை நிறைய மழை வாங்கித் தோளில் போட்டார் என்று தவளை பாட்டின் கடைசி வரி வந்தது. முள் துள்ளியது. மணி அடிக்கவில்லை. யானை நேராக வந்து நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை. ஆனால் கேட்டது.

"திருப்பு சாமி. அந்த எடத்துல மணி அடிக்காது."

அவருக்குத் தெரியாதா பின்னே! அந்தக் கீறல் யாரால் வந்தது என்று சின்ன வயதில் நாங்கள் கட்டிப் புரண்டிருக்கிறோம். அந்த இடத்தில் மணி அடிக்காது என்று அந்தக் காலத்திலிருந்தே தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம்.

"திருப்பிட்டா!" என்று தம்பி கத்தினான். "யானை வந்துருச்சுப்பா!"

பேப்பர்க்காரர் செய்தித்தாளை மட்டும் எடை போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் மைக் மறுபடி கத்திக்கொண்டே தெருவில் போயிற்று. தட்டைக் கடைசி வரைக்கும் ஓடவிட்டேன். உங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோறு ஆக்க நேரமாச்சு" என்று உள்ளே போனாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. கிணற்றுத் தகராறு அப்படியே இருக்கிறது. பெரியப்பா என்னோடு பேசுவதில்லை, நானும் அவரோடு பேசுவதில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்க மாட்டேன், கேட்கிற மாதிரி நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பாப்பாவை அவர் அதற்கப்புறம் அதட்டவில்லை. ஞாயிறு காலையில் நீங்கள் மரத்து மேலிருந்து கத்துகிறீர்கள், அவள் கீழேயிருந்து கத்துகிறாள், யாரும் எருமையைக் கூப்பிடுவதில்லை. போன வாரம் மட்டும் கூப்பிட்டார்.

"ஏய் எருமை, இன்னிக்கிச் சத்தம் கம்மியாக் கேக்குது. ஒயரு லூசாயிருக்கும்" என்றார்.

போய்ப் பார்த்தேன். லூசாகத்தான் இருந்தது.

மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், நான் சத்தியத்துக்குள் சந்து கண்டுபிடித்தவன் என்று. ஆமாம், கண்டுபிடித்தேன். பிள்ளைகளைப் பிரிக்கிற சத்தியத்தில் சந்து இருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது அப்பன் வேலை. நாளைக்கு உங்கள் இரண்டு பேருக்குள் பாகம் பிரிக்கிற நாள் வரும். வந்தால் வரட்டும். நிலத்தைப் பிரியுங்கள், வீட்டைப் பிரியுங்கள், கிணற்றை என்னமோ செய்யுங்கள். ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர் யாராக இருந்தாலும், எந்தப் பீரோவையும் திறக்காமல் தூக்கிக் கொடுக்க விடாதீர்கள். திறந்து காட்டச் சொல்லுங்கள். எது எதோடு சேர்ந்தது என்று உரக்கச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், உங்கள் அப்பன் மாதிரி நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள்.

நேற்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, அம்மாவும் சந்தைக்குக் கிளம்பிய பிறகு, ஒரு வேலை செய்தேன். சுவர் கட்டினபோது பெரியப்பாவும் நானும் ஆளுக்கு ஒரு வரிசையாக அதன் தலையில் பாட்டில் சில்லுகளைப் பதிக்கச் சொல்லியிருந்தோம், அவர் பக்கத்து ஓரமாக ஒரு வரிசை, என் பக்கத்து ஓரமாக ஒரு வரிசை. நீங்கள் கிளையிலிருந்து எட்டிக் குனியும்போது உங்கள் முழங்கை அதற்கு மேலேதான் போய் வருகிறது. ஏணியைச் சாய்த்து, உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். கொய்யாக் கிளை நீண்டிருக்கிற அளவுக்கு என் வரிசையை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்தேன். கையால் தடவிப் பார்த்தேன். அண்ணன் வரிசையைத் தொடவில்லை. அது அவர் பாகம். இறங்கி வந்து, சில்லுகளைக் கூட்டிப் பழைய சிமெண்டுச் சாக்கில் கட்டி, டெம்போவில் பின்னால் ஏற்றினேன்.